மோட்டரைத் தொட்ட கை

கைபிடியைப் பிடிக்கச் சொன்னவர் மாமாதான். இராசமலர் தானாகப் போய் முன்னால் நிற்கவில்லை.

ஐஸ் பக்டறி எழும்பிய நிலம் அவளுக்குச் சீதனமாக வந்த நிலம். மாமி உயிரோடு இல்லை. ஆகவே மோட்டரின் முதல் ஓட்டம் மருமகளின் கையால் நடக்கட்டும் என்று, படகுகளுக்குச் சொந்தக்காரரான மாமா அருளம்பலம் சம்மாட்டியார் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மயிலிட்டித் துறையில் அவர் சொன்ன பிறகு இன்னொருவர் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. அவருடைய மகள் பராசக்தி பூத்தட்டை ஏந்திக்கொண்டு இராசமலருக்குப் பின்னால் நின்றாள். மூன்று பிள்ளை பெற்றவள் பின்னால், கல்யாணமாகி ஒரு வருடம் நிறையாதவள் முன்னால். தட்டின் விளிம்பு முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. சனநெருக்கத்தால் அப்படி இடிக்கிறது என்று இராசமலர் முதலில் நினைத்தாள். சற்றே முன்னால் நகர்ந்தாள். தட்டும் நகர்ந்து வந்தது.

இயந்திர அறைக்குள் புதுச் சீமெந்தும் சாம்பிராணியும் மணத்தன. மோட்டருக்கும், ஐஸ் உறையவைக்க அது இழுக்கவேண்டிய பெரிய அமுக்கிக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். சுவரோடு ஒட்டிய கறுப்புப் பலகையில் பித்தளைக் குமிழ்கள் அரைவட்டமாகப் பதிந்திருந்தன. அவற்றின்மேல் படிப்படியாக நகரவேண்டிய கைபிடிக்கும் ஒரு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. பக்கத்தில், ஊசி ஆடும் மீற்றரின் முன்னால் அவளுடைய புருசன் தியாகலிங்கம் நின்றான். கொழும்பில் மின்சார வேலை படித்தவன். பக்டறியின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்தவன்.

விடியற்காலை, கும்பம் வைக்க முன்னரே அவன் அவளை அழைத்து வந்து காட்டியிருந்தான். ஒரு படி தள்ளிவிட்டு நிற்கவேண்டும். தான் தலையாட்டினால்தான் அடுத்த படி. அவள் வெறுங்கையைக் காற்றில் வைத்துப் பழகிப் பார்த்தாள். அவன் சிரித்தான். பிறகு பலகையின் அடியிலிருந்த ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த இரும்பு நாக்குப் போன்ற ஒன்றை அசையாதபடி செப்புக் கம்பியால் இறுகக் கட்டினான். எதற்கு என்று அவள் கேட்டாள். நடுவில் நின்றுபோகாமல் இருக்க என்றான். அவன் செய்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அப்போது அவளுக்கு ஒரு சந்தோசமாகவே இருந்தது.

ஐயர் பூசையை நீட்டிவிட்டார். சுபநேரம் முடியப்போகிற சமயத்தில்தான் கைபிடி அவள் கைக்கு வந்தது. முதற் படிக்குத் தள்ளினாள். மோட்டர் ஒருமுறை அதிர்ந்து மெல்ல அசைந்தது. அவள் புருசனைப் பார்த்தாள். அவன் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நேரம் போகுது பிள்ளை. கெதியாத் தள்ளு,” என்றார் மாமா.

அவள் மறுபடியும் தியாகலிங்கத்தைப் பார்த்தாள். அவன் இப்போது ஊசியை விட்டுவிட்டுத் தகப்பனைப் பார்த்தான். தலையை ஆட்டவுமில்லை, வேண்டாம் என்று அசைக்கவுமில்லை.

“தள்ளெண்டெல்லோ சொல்லுறன்.”

தள்ளினாள். கைபிடி குமிழ்கள் எல்லாவற்றையும் கடந்து கடைசிக்குப் போய் முட்டியது. அவ்வளவு இலேசாக அது போகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மோட்டர் வேகம் எடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே திணறி உறுமியது. கூரையில் எரிந்த பல்புகள் பழுத்து மங்கின. ஏதோ பிழை என்று கைக்குத் தெரிந்தது. அவள் கைபிடியைப் பின்னால் இழுக்கப் போனாள்.

“கையை எடாதை,” என்றார் மாமா. “முதல் ஓட்டம். நிப்பாட்டக்கூடாது.”

அவள் எடுக்கவில்லை. கருகிய அரக்கின் மணம் முதலில் வந்தது. பிறகு மோட்டரின் வயிற்றிலிருந்து புகை வந்தது. வேலைக்குச் சேர்ந்திருந்த யாகப்பு சனத்தை இடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பெரிய சுவிச்சை இழுத்தான். எல்லாச் சத்தமும் ஒன்றாக அடங்கியது. அந்த அமைதியில் பராசக்தி பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, உரக்கக்கூட அல்ல, சொன்னாள்:

“கை அப்பிடி.”

இராசமலரின் கை அப்போதும் கைபிடியின்மேல்தான் இருந்தது.

அவளை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அழுதிருப்பாள், அல்லது பதில் சொல்லியிருப்பாள். மறுநாட்காலை மாமா துறைக்குப் போக வாசற் படலையடிக்கு வந்தார். முற்றத்தில் அவள் தண்ணீர்க் குடத்தோடு நின்றதைக் கண்டார். முகத்தில் கோபமே இல்லை. திரும்பி விறாந்தைக்குப் போய்க் கதிரையில் உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து பிறகு புறப்பட்டார். அடுத்த நாட்களில் அவர் வெளிக்கிடுகிற நேரத்தை அவளே அறிந்து உள்ளே போகப் பழகிக்கொண்டாள். அப்படிப் பழகியதை அவர் நல்ல குணம் என்று யாருக்கோ சொன்னதாகவும் கேள்விப்பட்டாள்.

கடற்கரையில் மீன் விற்கிற பெண்கள் அவளைக் கண்டால் கூடையை மூடுவதில்லை. முதல் வியாபாரம் முடியட்டும் பிள்ளை, பேந்து வாங்கலாம் என்று பணிவாகச் சொல்வார்கள். அவள் நிற்பாள். வேறு யாராவது வந்து வாங்கிய பிறகு அவளுக்கும் கொடுப்பார்கள். சில நாட்களில் நிறுவையைவிடக் கூடவே போடுவார்கள். அந்தக் கூடுதலான மீனை அவள் புறம்பாக வைத்துத்தான் அரிவாள்.

கையைப் பார்க்கிற பழக்கம் அப்போதுதான் வந்தது. சோற்றைப் பிசையும்போது, தலை வாரும்போது, வலது கை தன்னுடையது அல்லாத ஒன்றுபோல இருந்தது. அவள் அதை நம்பவில்லை. ஆனால் நம்பாத ஒன்றை ஒரு நாளில் எத்தனை தடவை நினைக்கிறாள் என்பதை அவளே கவனித்தாள். பராசக்தியின் கடைக்குட்டி ஓடிவந்து மடியில் ஏறினால், முதலில் இடது கையைத்தான் நீட்டினாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தங்கை மகாதேவிக்குக் கல்யாணம் ஐப்பசியில் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பருத்தித்துறைப் பகுதி. தகப்பன் இல்லாத வீட்டில் மகாதேவியைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்குக் கையில் பிடித்துக் கொண்டுபோனவள் இராசமலர். மாப்பிள்ளை வந்து பந்தலில் இறங்கும்போது ஆலாத்தி எடுப்பது அக்காதான் என்று தங்கை சிறு வயதிலேயே விளையாட்டில் சொல்லிவைத்திருந்தாள். தாம்பாளத்தின் ஒரு பக்கத்தைப் பிடிக்க இராசமலருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை இன்னும் ஒருவரும் வாய்விட்டு மறுக்கவில்லை. அதற்குள் ஒரு ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொழும்பில் படித்த ஆள், மோட்டரைப் பூட்டிய ஆள், பக்கத்தில் நின்று ஊசியைப் பார்த்த ஆள், இது கையால் வந்த பிழையல்ல என்று சபையில் சொன்னால் போதும்.

அவள் கேட்டாள். மத்தியானம் அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி மேசையடியில் இருந்தபோது, மோட்டர் ஏன் எரிந்தது என்று கேட்டாள்.

அவன் முகம் வெளித்தது. இப்படி யாரும் அவனிடம் கேட்டதில்லை. செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து மேசையில் வட்டம் கீறினான். நிற்கிற மோட்டர் ஓடுகிற மோட்டரைவிடப் பல மடங்கு கறண்டை இழுக்கும் என்றான். அது சுற்றத் தொடங்கினால்தான், உள்ளுக்குள் எதிர்ப்பு உண்டாகி, வருகிற கறண்டைத் தானே அடக்கிக்கொள்ளும். அதுவரை நாங்கள்தான் அடக்கவேண்டும். கைபிடியின் பின்னால் தடைக்கம்பிகள் இருக்கின்றன. முதற் படியில் அவ்வளவு தடையும் குறுக்கே நிற்கும். மோட்டர் கொஞ்சம் வேகம் எடுக்க, ஒரு பங்கு தடையை விலக்கவேண்டும். பிறகு இன்னொரு பங்கு. கடைசியில் தடையே தேவையில்லை.

“சங்கக்கடைக் கதவு மாதிரி,” என்றான். “மா வந்த நாளிலை கதவை ஒரேயடியாத் திறந்தால் என்ன நடக்கும்? நாலுபேரை மிதிச்சுப்போட்டுத்தான் உள்ளை வருவினம். கொஞ்சம் கொஞ்சமாத் திறந்தால் எல்லாருக்கும் மா.”

“அப்ப என்ரை கையிலை பிழையில்லை.”

“கையெண்டு ஒண்டும் இல்லை. வேகம்தான்.”

அவன் அதை எவ்வளவு இலகுவாகச் சொன்னான். அவளுக்கு அழுகை வந்தது, நல்ல அழுகை. அதை விழுங்கிக்கொண்டு, நினைவில் கிடந்த ஒன்றைக் கேட்டாள்.

“அண்டைக்கு விடியக் கட்டின கம்பி?”

மேசையில் கீறிக்கொண்டிருந்த விரல் நின்றது. அளவுக்கு மிஞ்சிக் கறண்ட் ஏறினால் அந்த இரும்பு நாக்குத் தானாக எழும்பி மோட்டரை நிறுத்திவிடும் என்று அவன் சொன்னான். இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். முன்னர் அமுக்கியை இணைக்காமல் சும்மா சுற்றிப் பார்த்த நாட்களிலும் அது ஒன்றிரண்டு தடவை எழும்பி நிறுத்தியது. பூசை நடுவில் அப்படி நின்றுபோனால் ஐயா என்ன நினைப்பார், சனம் என்ன சொல்லும். அபசகுனம் என்று ஆகிவிடும். அதனால் கட்டினான்.

“கட்டாமல் விட்டிருந்தால்?”

“நிண்டிருக்கும்.”

“எரியாதோ?”

“எரியாது.”

இதை மாமாவிடம் சொல்லுங்கள் என்றாள். அவன் உள்ளங்கையால் மேசைத் தண்ணீரைத் துடைத்தான். அவன் கீறிய வட்டமும் கோடுகளும் சேர்ந்து அழிந்தன.

“சொன்னால் பக்டறி அத்தான்ரை கைக்குப் போகும். ஐயா ஒருக்கா நம்பிக்கை விட்டால் விட்டதுதான். உனக்கு இப்ப என்ன குறைஞ்சுபோச்சு? சனம் கொஞ்ச நாள் கதைக்கும். பேந்து மறந்திடும்.”

அத்தான் என்றது பராசக்தியின் புருசனை. அவன் சொன்னதில் பொய் இல்லை என்பது இராசமலருக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு ஆறாமல் இருந்தது. பயத்தில் உளறியிருந்தால் மன்னித்திருக்கலாம். அவன் யோசித்திருக்கிறான். எரிந்த நாளிலிருந்தே யோசித்து, இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்து, அவள் பக்கம் பாரம் குறைவு என்று கண்டிருக்கிறான். இதைவிட இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. அவன் குனிந்து இருந்த விதத்தைக் கண்டு அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தை அவள் வெறுத்தாள். வெறுத்தபடியே எழும்பி அவன் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

தாய் சின்னாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னாச்சி முழுவதையும் கேட்டாள். மகளை நம்பினாள். ஆனால் நீ சொன்னால் யார் எடுப்பார்கள், தம்பி தன் வாயால் சொல்லவேண்டும் என்றாள். தம்பி என்றது மருமகனை.

புதுக் கம்பி சுற்றுவித்து மோட்டர் கொழும்பிலிருந்து ஆடி மாதம் திரும்பி வந்தது. ஆடியில் நல்ல காரியம் செய்வதில்லை. ஆவணியில் நாள் வைத்தார்கள். ஆனால் தியாகலிங்கத்துக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. அவன் படுத்தாலும் எழும்பினாலும் முகத்தில் அந்த மோட்டர்தான் இருந்தது.

ஆடி அமாவாசையன்று துறையில் ஒரு படகும் இறங்கவில்லை. தகப்பனை இழந்த ஆண்கள் எல்லாரும் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போய்விட்டார்கள். மாமாவும் போனார். பராசக்தியின் குடும்பமும் கூடவே போனது. தகப்பன் உயிரோடு இருக்கிறவனுக்கு அங்கே வேலையில்லை என்று தியாகலிங்கம் நின்றுகொண்டான். யாகப்புவுக்கும் லீவு கொடுத்திருந்தான். வெயில் உச்சிக்கு வந்தபோது அவன் குசினி வாசலில் வந்து நின்றான்.

“ஒருக்கா ஓட்டிப் பாக்கவேணும். நான் மீற்றரடியிலை நிக்கவேணும். கைபிடிக்கு ஒரு ஆள் வேணும்.”

அவள் அகப்பையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“என்ரை கையாலையோ?”

குத்தல் அவனுக்குப் படவில்லை, அல்லது படாததுபோல இருந்தான். ஆரும் அறியக்கூடாது என்றான். முதல் ஓட்டம் முடிந்துவிட்டது என்று ஐயாவுக்குத் தெரிந்தால் குறித்த நாள் பாழாகிவிடும்.

அவள் போனாள். ஏன் போனாள் என்று பிறகு தன்னைக் கேட்டபோது, அவன் கேட்டதற்காக அல்ல என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அந்தக் கைபிடியைத் தன் கை இன்னொருமுறை தொடவேண்டும் என்ற ஆசை அவளுக்குள் பசிபோல இருந்தது.

இரும்பு நாக்கில் கம்பி இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தாள்.

முதற் படி. மோட்டர் அதிர்ந்தது. தலைக்குமேல் பல்பு ஒருதரம் மங்கித் தெளிந்தது. “பொறு,” என்றான். அவள் பொறுத்தாள். அமுக்கியை இழுக்கும் பட்டி நகர்ந்தது, அதன் சில்லு அசைந்தது. கைபிடியின் ஊடாக ஒரு சிறு நடுக்கம் அவள் மணிக்கட்டுவரை வந்து மெல்ல மெல்லச் சீராவதை உணர்ந்தாள். “இப்ப,” என்றான். அடுத்த படி. பல்பு மங்கித் தெளிந்தது. பொறு. இப்ப. அவன் சொல்ல முன்னரே அவள் கைக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. கடைசிப் படிக்கு அவன் வாயைத் திறக்கும்போதே அவள் தள்ளிவிட்டாள். ஊசி சரியான இடத்தில் போய் நின்றது. மோட்டர் ஒரே சுருதியில் பாடியது. பெரிய அமுக்கி அதன் பின்னால் பணிந்து ஓடியது.

அவன் சிரித்தான். அவளிடம் பாய்ந்து வந்து, ஒயில் புரண்ட தன் இரண்டு கைகளாலும் அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அவளை அவ்வளவு சந்தோசத்தோடு தொட்டதில்லை. கண்களில் தண்ணீர்கூட வந்திருந்தது. இனிச் சொல்லுவான் என்று அவள் நினைத்தாள். கண்ணால் கண்டுவிட்டான். இந்தக் கையால் ஓடியது என்று ஒரு இடத்தில் அவனால் சொல்லாமல் இருக்க முடியாது.

மோட்டரை நிறுத்தியபின் அவன் பித்தளைக் குமிழ்களைத் துணியால் துடைத்தான். தரையில் கிடந்த அவள் கால் தடத்தையும் துடைத்தான். கிணற்றடியில் சவுக்காரம் போட்டும் அவள் நகக்கண்ணில் ஒயிற் கறை போகவில்லை. அவளும் உரசிப் போக்காட்டவில்லை.

ஆவணியில் குறித்த நாள் வந்தது. கைபிடி பராசக்திக்கு என்று மாமா சொல்லிவிட்டார். அதற்கு முதல் நாட்களில் தியாகலிங்கம் தமக்கை வீட்டுக்குப் போய் வந்ததை இராசமலர் கவனித்திருந்தாள். மேசையில் தண்ணீரால் வட்டம் கீறியிருப்பான். சங்கக்கடைக் கதவைச் சொல்லியிருப்பான்.

“நீ இண்டைக்கு வீட்டிலை நில்,” என்றான் வேட்டியை உடுத்தபடி. “சனத்தின்ரை வாய்க்கு ஏன் போகவேணும்.”

அவள் வீட்டில் நின்றாள். மேளம் கேட்டது. பிறகு நிற்க முடியவில்லை. வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் தன் சொந்த நிலத்துக்குள் புகுந்து, இயந்திர அறையின் பின்பக்கத்து யன்னலடிக்குப் போனாள். சனம் வாசற்பக்கம் நின்றது. அவளை ஒருவரும் காணவில்லை. உள்ளே பட்டுச் சேலையில் பராசக்தி முதற் படிக்குத் தள்ளிவிட்டு நின்றாள். இரும்பு நாக்கு கம்பியில்லாமல் வெறுமையாக இருந்தது. இந்தத் தடவையும் பூசை நீண்டுவிட்டது போலும். மாமா மணிக்கூட்டைப் பார்த்தார்.

“நேரம் போகுது பிள்ளை, கெதியா—”

தியாகலிங்கம் கையை உயர்த்தினான்.

“பொறுங்கோ ஐயா. அக்கா ஆறுதலாத் தள்ளட்டும்.”

மாமா பேசாமல் விட்டார். அவ்வளவுதான். அவர் கோபிக்கவில்லை, முறைக்கவில்லை. மகன் சொன்னான், நிறுத்திவிட்டார். யன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு இராசமலர் நின்றாள். அந்த வார்த்தை அன்றும் அவனிடம் இருந்திருக்கிறது. அதைச் சொல்லுகிற தைரியம் இல்லாதவன் என்று இவ்வளவு நாளும் அவனுக்காக அவள் தனக்குத் தானே சொல்லிவந்தாள். கோழை என்று நினைத்ததில் ஒரு ஆறுதல் இருந்தது. கோழை என்றால் எல்லாரோடும் கோழையாக இருப்பான்.

பொறு. இப்ப. பொறு. இப்ப. மோட்டர் எழும்பியது. மேளம் உச்சத்துக்குப் போனது. மாமா மகளின் தலையில் கை வைத்தார். யாரோ ஒரு பெண், கை எண்டால் இது கை என்றாள். இராசமலர் வேலிப் பொட்டுக்குள்ளால் திரும்பி வந்தாள். மறுநாள் முதற் கட்டி ஐஸை உடைத்து வீடுவீடாகக் கொடுத்தபோது அவளுக்கும் ஒரு துண்டு வந்தது. பராசக்தியே கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தில் பழைய வன்மம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. இராசமலர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து, உருகி முடியும்வரை வைத்திருந்தாள்.

அதன் பிறகு பேச்சுக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. அதுவரை எரிந்ததற்குப் பல காரணம் சொன்னவர்களும் இருந்தார்கள். மோட்டர் பழுதென்றும் கறண்ட் பிழையென்றும் கதைத்தார்கள். அதே மோட்டர், அதே கைபிடி, வேறு கை, ஓடுகிறது. இனி யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் யாகப்பு மோட்டரை இயக்கும்போது சுற்றுவட்டத்து வீடுகளின் பல்புகள் ஒருதரம் மங்கித் தெளியும், மீண்டும் மங்கித் தெளியும். அயலவர்கள் அதைப் பார்த்து, பக்டறி வெளிக்கிடுகிறது என்று சொல்லப் பழகினார்கள்.

புரட்டாதியில் ஒரு பின்னேரம் சின்னாச்சி வந்தாள். மருமகன் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துவிட்டார்கள் என்று நின்றபடியே சொன்னாள். யார் ஆலாத்தி எடுப்பது என்று கேட்டிருக்கிறார்கள். தியாகலிங்கம் மாமியாருக்குக் கதிரை எடுத்துப் போட்டான். அவள் இருக்கவில்லை.

“தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் அவையள் கேப்பினம். என்ரை பிள்ளையின்ரை கையாலையோ உது எரிஞ்சது?”

இராசமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். ஆடியில் ஒயிற் கறை ஒட்டிய நகக்கண்ணை அவன் கண்டான் என்றே அவளுக்குத் தோன்றியது. அவன் சேட்டுக் கையை ஒரு மடிப்பு மடித்தான். பிறகு அதை ஒழுங்காக இழுத்துவிட்டான்.

“உதுகளை என்னண்டு மாமி சொல்லுறது,” என்றான். “அக்காவின்ரை கைக்கு ஓடிச்சுது. கண்ணாலை கண்டதை இல்லையெண்டு சொல்லேலுமோ.”

சின்னாச்சி தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டாள். அன்று இராசமலர் அவனோடு சண்டை பிடிக்கவில்லை. சோறு போட்டாள். அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். கோப்பையில் விட்டாள். எனக்கு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று யோசித்தாள். உள்ளே ஒவ்வொரு தடையாக யாரோ விலக்கிக்கொண்டு வந்து, இப்போது விலக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதுபோல இருந்தது.

ஐப்பசியில் மகாதேவியின் கல்யாணம் தாய் வீட்டுப் பந்தலில் நடந்தது. பக்டறிக்கு அடுத்த காணி. பந்தல் நிறையப் பல்பு கட்டியிருந்தார்கள். பொழுது சாய, மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். ஆலாத்தித் தட்டின் ஒரு பக்கத்தைப் பருத்தித்துறையிலிருந்து வந்த ஒரு சின்னம்மா பிடித்தாள். மறுபக்கத்தைப் பராசக்தி பிடித்தாள். சின்னாச்சியே நேரில் போய் அவளைக் கேட்டிருந்தாள். ராசியான கை என்று எல்லாருக்கும் தெரியும்.

இராசமலர் பந்தலின் பின் வரிசையில், குசினிப் பக்கத் தூணோடு நின்றாள். மணவறைக்குப் பக்கத்தில் மணப்பெண்ணின் அத்தானாகத் தியாகலிங்கம் பட்டு வேட்டியோடு நின்றான். அந்தப் பின்னேரம் அவன் யாகப்புவைக் கூப்பிட்டு, இரவு படகுகள் ஐஸ் ஏற்றும், பொழுதுபடவே மோட்டரைப் போடு என்று சொன்னதை அவள் காதால் கேட்டிருந்தாள்.

தட்டு மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே உயர்ந்தது. சிவந்த தண்ணீர் அலைந்தது. திரி எரிந்தது. ஒரு சுற்று. அப்போது பந்தலின் பல்புகள் எல்லாம் ஒன்றாக மங்கின.

மேளம் ஒரு தட்டுத் தப்பியது. பல்புகள் தெளிந்தன. மறுபடி மங்கின. இராசமலர் அண்ணாந்து பார்க்கவில்லை. யாகப்பு நல்ல வேலைக்காரன், அவசரப்படுகிறவனல்ல. முதற் படி. பொறு. அடுத்த படி. பொறு. அவளுடைய வலது கை சேலை மடிப்புக்குள் தன்னை அறியாமல் அந்த அளவுக்கு அசைந்தது.

பருத்தித்துறைச் சனம் மேலே பார்த்தது. அவர்களுக்கு இங்கே மோட்டர் போடுகிற நேரம் தெரியாது. யாரோ ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் காதில் எதையோ சொல்ல, அந்தத் தலை திரும்பியது. பிறகு இன்னொரு தலை. மாப்பிள்ளையின் தாய் திரும்பினாள். அயலவர்களும் திரும்பினார்கள், தினமும் தங்கள் வீட்டுப் பல்பு இப்படி மங்குவதைக் காண்கிறவர்கள். மாமா திரும்பினார். மணவறைத் திரைக்குப் பின்னால் இருந்த மகாதேவிகூடத் தலையைச் சாய்த்துத் தேடினாள். பின் வரிசையில், தூணோடு, அவளை.

ஒருவன் மட்டும் திரும்பமாட்டான் என்று இராசமலர் நம்பியிருந்தாள். பல்பு ஏன் மங்குகிறது, எத்தனையாம் படியில் எவ்வளவு மங்கும், எப்போது தெளியும் என்பதெல்லாம் இந்தப் பந்தலில் அவளைத் தவிர அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

தியாகலிங்கமும் திரும்பி அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் நடிப்பு இல்லை. கொஞ்சம் பயந்திருந்தான்.

பல்புகள் தெளிந்து, பிறகு மங்கவில்லை. மோட்டர் ஓடத் தொடங்கிவிட்டது.